ஊரடங்கும் ஒரு எண்ணும்

(சிங்கப்பெருமாள் கோயிலில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சாமியைப் பற்றியதும் அல்ல, சடங்கைப் பற்றியதும் அல்ல. ஒரு எண்ணைப் பற்றியதாகும். ஒரு எண்ணைப் பற்றிப் பேசவா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களை இங்கே நிறுத்தி வைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். சாமி பேரைச் சொல்லி மக்களை ஏய்ப்பது எப்படியோ அப்படியே எண்ணைச் சொல்லி ஏய்ப்பதும் நாட்டில் பெருகிவிட்டது. சாமி பேரைச் சொன்னால் சந்தேகப்படுகிறவன்கூட எண்ணைச் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறான். ஆனபடியால் இதையும் நாம் கவனிக்கவேண்டியது அவசியமாயிருக்கிறது.

சென்ற மாதம் நமது ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் ஒருவர் வெகு ஜோராகப் பேசிக்கொண்டிருந்தார். எந்த ரேடியோ, யார் பேசினார் என்பதெல்லாம் வேண்டியதில்லை. நமக்கு ஆளோடு சண்டையில்லை, அவர் சொன்ன சங்கதியோடுதான் வேலை. அவர் சொன்னது இதுதான்: கொரோனாக் காலத்தில் உலகமெல்லாம் ஊரடங்கு போட்டு மக்களை வீட்டுக்குள் அடைத்தார்களே, அதனால் சாவு குறைந்தது 100க்கு 0.2 வீதந்தான். இதை அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. அடைத்துப் போட்டதனால்தான் மக்கள் செத்தார்களே ஒழிய, வியாதியால் செத்தவர் சொற்பம். இந்தப்படி அவர் முடித்தார்.

100க்கு 0.2 என்றால் 1000க்கு 2. அதாவது ஊரடங்கு இல்லாவிட்டால் 1000 பேர் செத்திருப்பார்கள், போட்டதனால் 998 பேர் செத்தார்கள் என்று அர்த்தம். இரண்டு உயிருக்காகவா இத்தனை பாடு என்று யாருக்குத்தான் கோபம் வராது? பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்து, 2020ல் வேலை போய், எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தவர். “பாத்தீங்களா அண்ணே, நம்ம பொழப்பைக் கெடுத்ததுதான் மிச்சம்” என்றார். கடையிலிருந்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சாஸ்திரம் சொல்லுகிறது, பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றால் ஏன், எப்படி என்று கேளுங்கள் என்பதாக ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லுகிறவன் நான். சர்வகலாசாலை சொல்லுகிறது என்றவுடன் என் தலை தானாக ஆடிவிட்டது. வேதம் என்ற இடத்தில் சர்வகலாசாலை என்று போட்டுக்கொண்டால் அதற்குப் பேர் பகுத்தறிவாகிவிடுமா?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். என் இங்கிலீஷ் பாங்கிச் சலான் நிரப்புகிற அளவுக்குத்தான் வரும். என் அண்ணன் மகள் செங்கற்பட்டில் காலேஜில் வாசிக்கிறாள். அந்தக் கட்டுரையைத் தேடி எடுக்கச்சொல்லி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரி வரியாகச் சொல்லக் கேட்டேன். கேட்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அந்தக் கட்டுரை 2022 ஜனவரியில் வந்தது. எழுதினவர்கள் ஹெர்பி, ஜோனுங், ஹான்கே என்கிற மூன்று பேர். மூவரும் பொருளாதாரக்காரர்கள், வைத்தியர்களோ தொற்றுவியாதி ஆராய்ச்சிக்காரர்களோ அல்ல. அதற்காகவே அவர்கள் சொன்னது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நான்கூட வைத்தியன் அல்ல. ஆனால் சர்வகலாசாலை கண்டுபிடித்தது என்று ரேடியோக்காரர் சொன்னாரே, அது சுத்தப் புரட்டு. அந்தச் சர்வகலாசாலையில் வேலை பார்க்கிறவர் மூவரில் ஒருவர். கட்டுரையோ மற்ற நிபுணர்கள் படித்துச் சோதித்து ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வெளியிட்ட வரைவு. வாத்தியார் ஒருவர் தம் கருத்தை எழுதி வெளியிட்டால், பள்ளிக்கூடமே தீர்மானம் போட்டதென்று சொல்லலாமா?

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம். முதலில் 18,590 ஆராய்ச்சிகளைத் தேடிப் பொறுக்கினார்களாம். அதில் 34தான் தகுதியானவை என்று எடுத்து, அதிலும் 24ஐத்தான் கணக்கில் சேர்த்தார்கள். அந்த 0.2 என்ற எண் 24லிருந்தும் வந்ததல்ல. ஏழு ஆராய்ச்சிகளிலிருந்து வந்தது. அந்த ஏழுக்கும் சம எடை கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரே ஒரு ஆராய்ச்சியின் தலையில் ஏறக்குறைய முழுப் பாரத்தையும் ஏற்றியிருக்கிறார்கள். ஏழு பேர் பஞ்சாயத்து என்று பேர். ஓட்டுப் போட்டது ஒருவர்.

அடுத்தபடியாக, ஊரடங்கு என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அர்த்தத்தைப் பாருங்கள். நமக்கு ஊரடங்கு என்றால் என்ன? கடை இல்லை, ரயில் இல்லை, பஸ் இல்லை, வெளியே வந்தால் போலீஸ் தடி. அவர்களுக்கோ, சர்க்கார் கட்டாயமாக ஏதாவது ஒரு காரியம் செய்யச் சொன்னால் அதுவே ஊரடங்கு! முகமூடி போடு என்று சட்டம் போட்டால் அது ஊரடங்கு. பள்ளிக்கூடத்தை மட்டும் மூடினால் அதுவும் ஊரடங்கு. கஞ்சி குடித்தவனையும் கல்யாண விருந்து சாப்பிட்டவனையும் ஒரே பந்தியில் வைத்து, சாப்பாட்டினால் பசி எவ்வளவு அடங்குகிறது என்று சராசரி எடுத்தால் என்ன கணக்கு வரும்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1000க்கு 2 குறைந்தது என்றால், எதைவிடக் குறைந்தது? ஒன்றுமே செய்யாமல் ஜனங்கள் வழக்கம்போல் சந்தைக்கும் திருவிழாவுக்கும் போய்க்கொண்டிருந்த தேசத்தைவிடவா? அதுதான் இல்லை. கட்டாயம் செய்யாமல், ஜாக்கிரதையாயிருங்கள் என்று சர்க்கார் புத்திமதி மட்டும் சொன்ன நிலையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். புத்திமதியைக் கேட்டும், பக்கத்து வீட்டில் பிணம் விழுந்ததைப் பார்த்தும், தாங்களாகவே வீட்டிலிருந்தவர்கள் அந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ந்து போகிறார்கள்.

இதை நமது ஊர் வழியில் சொல்லுகிறேன். கொளவாய் ஏரியில் வெள்ளம் வந்து சுழல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரையிலுள்ள கிராமத்தில், ஏரியில் இறங்கினால் அபராதம் என்று தமுக்கடித்துவிட்டார்கள். எதிர்க் கரைக் கிராமத்தில் தமுக்கு அடிக்கவில்லை. ஆனால் ஜனங்கள் வெள்ளத்தைப் பார்த்துப் பயந்து தாங்களே இறங்கவில்லை. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் இரண்டு கிராமத்திலும் முழுகிச் செத்தவர் ஏறக்குறைய ஒரே அளவு. தமுக்கினால் அதிக லாபமில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஏரியில் இறங்காமலிருந்ததினால் லாபமில்லை என்று சொன்னால் ஒப்பமுடியுமா? கட்டுரைக்காரர்கள் சொன்னது முன்னது. ரேடியோக்காரர் நம் காதில் ஊதியது பின்னது.

அதே கட்டுரையில் வேறு எண்களும் இருக்கின்றன. வீட்டிலிரு என்ற உத்தரவினால் சாவு 1000க்கு 29 குறைந்தது என்றும், அத்தியாவசியமில்லாத கடைகளையும் குடிக்கடைகளையும் மூடினதினால் 1000க்கு 106 குறைந்தது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். 106 எங்கே, 2 எங்கே? ரேடியோவில் 2 மட்டும் ஏன் வந்தது? போதாக்குறைக்கு, அதே மூவரும் 2023ல் இதைப் புஸ்தகமாகப் போட்டபோது 0.2 என்ற எண் 3.2 ஆகிவிட்டது. ஒன்றரை வருஷத்துக்குள் 16 மடங்கு! மாறினதற்காக அவர்களை நான் குறை சொல்லவில்லை. தப்பென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதுதான் ஆராய்ச்சிக்கு அழகு. வேதக்காரனுக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனால் ஆசிரியர்களே கைவிட்ட எண்ணை நமது டீக்கடையில் இன்னும் கூவி விற்பானேன்?

அவர்கள் எடுத்துக்கொண்டது ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான். அதிலும் 2020ம் வருஷத்து முதல் அலை மட்டுந்தான். இந்தியாவைப் பற்றி அந்த எண்ணில் ஒன்றும் கிடையாது. செங்கற்பட்டு ஜில்லாவுக்கும் அதற்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தந்தான்.

நிற்க. இதைக் கேட்டுவிட்டு, ஓகோ, இவன் ஊரடங்கு போட்டவர்களுக்கு வக்கீலாக வந்திருக்கிறான் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அந்தப் பக்கத்திலும் எண் புரட்டு ஏராளமாக நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 24ந் தேதி டில்லியில் நிதி ஆயோக்கைச் சேர்ந்த பெரிய அதிகாரி ஒருவர் பத்திரிகைக்காரர் முன் ஒரு படம் காட்டினார். அதில் கோடு சரிந்து இறங்கி, மே 16ந் தேதிக்குப் புது நோயாளியே இல்லை என்று முடிந்தது. மே 16ந் தேதி வந்தது. அன்றைக்குப் புது நோயாளிகள் ஆயிரக்கணக்கில். பஞ்சாங்கக்காரன் மழை சொன்ன கதைதான். பிறகு அதே வருஷம் செப்டம்பரில், ஊரடங்கினால் 37,000 முதல் 78,000 வரை உயிர் காப்பாற்றப்பட்டது என்று பார்லிமெண்டில் மந்திரி சொன்னார். சாகாதவரை எண்ணுவது எப்படி? இப்படி இப்படிப் பரவியிருக்கும் என்று ஒரு அனுமானம் வைத்துப் போட்ட கணக்கு அது. அனுமானத்தை மாற்றினால் எண் மாறும். அதனால்தான் 37க்கும் 78க்கும் நடுவே அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்.

சரி, அடைத்ததினால்தான் மக்கள் செத்தார்கள் என்றாரே ரேடியோக்காரர், அதில் உண்மை இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைக்க நான் வரவில்லை. 2020 மார்ச் 24ந் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நடுராத்திரி முதல் நாடு மூடப்பட்டது. நாலு மணி நேரம்! ஒரு கலியாண வீட்டைக் காலி செய்யக்கூட நாலு மணி நேரம் போதாது. 130 கோடி ஜனங்களுக்கு அதுதான் கொடுத்த அவகாசம். நமது ஜி.எஸ்.டி. ரோட்டில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மே 8ந் தேதி மஹாராஷ்டிரத்தில் ஔரங்காபாத்துக்குப் பக்கத்தில், நடந்து களைத்துத் தண்டவாளத்தில் தூங்கினவர்களில் 16 பேர்மீது கூட்ஸ் வண்டி ஏறிற்று. ஜூன் மாதம் நமது தமிழ்நாட்டிலேயே சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று பிடித்துக்கொண்டு போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் அடியால் மாண்டார்கள். இவர்களைக் கொன்றது கொரோனாக் கிருமி அல்ல. இந்தச் சாவுகளுக்கு யாரும் சமாதானம் சொல்லமுடியாது. 2020ல் கையில் எடுத்த சட்டங்களில் ஒன்றோ, பிளேக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட 1897ம் வருஷத்துச் சட்டம். அதன் குணம் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஊரடங்கில் சிலர் செத்தார்கள் என்பது வேறு. ஊரடங்கினால்தான் எல்லாரும் செத்தார்கள் என்பது வேறு. இதைச் சோதிப்பதற்கு அமெரிக்காவுக்குப் போகவேண்டாம். நமது மாகாணத்துக் கணக்கே போதும்.

தமிழ்நாட்டில் மிகக் கடுமையான ஊரடங்கு எப்போது? 2020 ஏப்ரல் மாதம். அப்போது பாடலாத்ரி நரசிம்மர்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார். தூணைப் பிளந்துகொண்டு வந்த சாமிக்கும் அன்றைக்கு வெளியே வர அனுமதியில்லை. அந்த மாதக் கடைசி வரையில் சர்க்கார் கணக்கில் கொரோனாச் சாவு 27. அடைப்பே கொல்லுவதாயிருந்தால் அந்த மாதத்திலல்லவா பிணம் குவிந்திருக்கவேண்டும்? பிறகு கோயம்பேடு சந்தையில் வியாதி பரவி, அங்கிருந்து லாரியோடும் கூலியாட்களோடும் நாலு பக்கமும் போயிற்று. ஜூன் கடைசிக்குள் சாவு 1,200ஐத் தாண்டிற்று. 2021 மார்ச், ஏப்ரலில் ஊரடங்கு இல்லை. தேர்தல் நடந்தது. ஏப்ரல் 6ந் தேதி ஓட்டு. அதற்கு முன்னால் எந்தக் கட்சிக் கூட்டத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்? தேர்தல் கமிஷனைச் சென்னை ஹைகோர்ட்டே கொலைக் குற்றம் சாட்டத்தக்கது என்கிற அளவுக்குக் கண்டித்தது. விளைவு என்ன? மே மாதம் ஒன்றில் மட்டும் சர்க்கார் கணக்கிலேயே ஏறத்தாழ 10,000 சாவு.

ரேடியோக்காரர் இதற்கும் பதில் வைத்திருப்பார். மே 10ந் தேதி முழு ஊரடங்கு போட்டார்கள், மே 30ந் தேதி சாவு உச்சிக்குப் போயிற்று, ஆகவே ஊரடங்குதான் கொன்றது என்பார். பலர் இப்படிச் சொல்லவும் சொன்னார்கள். இந்த வியாதி ஒருவனைத் தொற்றி, காய்ச்சலாகி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் போவதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகிறது. மே 30ல் செத்தவனுக்கு வியாதி வந்தது மே முதல் பத்து நாளில், அதாவது கதவைச் சாத்துவதற்கு முன்னால். புது நோயாளிகள் எண்ணிக்கை மே 21ந் தேதி 36,184 வரை ஏறி, பிறகு இறங்கி, ஜூன் கடைசியில் ஒரு நாளைக்கு 4,500 அளவுக்கு வந்தது. சாவும் அதற்குப் பின்னாலேயே இறங்கிற்று.

அப்படியானால் இறங்கினதற்கு ஊரடங்கே முழுக் காரணமா என்று யாராவது கேட்டால், அப்படியும் அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். வியாதி வந்தவன் பலருக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கும். ஜனங்கள் பயந்து தாங்களே ஒதுங்கியிருப்பார்கள். தடுப்பூசியும் கொஞ்சம் நடந்தது. காக்கையின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு, பழுத்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுவது லேசான காரியமல்ல. லேசான காரியம் என்று சொல்லுகிறவன்மீதுதான் சந்தேகப்படவேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் அப்படியே. ஸ்வீடனைக் காட்டுவார்கள், அங்கே முழு ஊரடங்கு போடவில்லை என்பது வாஸ்தவம். 2020ல் ஜனத்தொகை வீதப்படி அங்கே கொரோனாவில் செத்தவர் பக்கத்து நார்வேயைப்போல் சுமார் பத்து மடங்கு என்பதும் வாஸ்தவம். மூன்று வருஷம் சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பாவில் குறைந்த சாவு கண்ட நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று என்பதும் வாஸ்தவம். மூன்றையும் சேர்த்துச் சொல்லுகிறவன் யோக்கியன். மேலும் அங்கே உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்தால் சம்பளப் பணம் வருகிறது. நம்மிடத்தில் 2020ல் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாயும், 2021ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் வீட்டிலிருக்கும் என்பதை உங்கள் வீட்டுத் தாய்மார்களைக் கேளுங்கள்.

1918ல் இன்புளுயன்சா வந்தபோது அமெரிக்காவில் பிலடெல்பியா பட்டணத்தார் செப்டம்பர் 28ந் தேதி பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். செயிண்ட் லூயி பட்டணத்தார் வியாதி தெரிந்த சில நாளில் பள்ளி, கொட்டகை, மாதாகோவில் எல்லாவற்றையும் மூடினார்கள். உச்சமான வாரத்தில் பிலடெல்பியாவின் சாவு வீதத்தில் எட்டில் ஒரு பங்குதான் செயிண்ட் லூயியில். ஆனால் கதவைத் திறந்தவுடன் அங்கும் வியாதி திரும்பி வந்தது. கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோது சாவு ஏறக்குறையப் பாதி. எட்டில் ஒன்று என்று ஒருவன் சொல்லலாம், பாதி என்று இன்னொருவன் சொல்லலாம்; இரண்டும் நிஜம். எந்தத் தேதியில் கணக்கை மூடுகிறாய் என்பதைப் பொறுத்த விஷயம் அது. அதே வியாதியில் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நான் இவ்வளவு நேரமும் சர்க்கார் கணக்கில், சர்க்கார் கணக்கில் என்று சொல்லிக்கொண்டு வந்தேனே, அது ஏன் தெரியுமா? அந்தக் கணக்கே ஓட்டை. வியாதியால் செத்தவர் சொற்பம் என்ற பேச்சு உலவுவதற்கு அந்த ஓட்டைதான் வழி.

2020 ஜூலை 22ந் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒரே நாளில் 444 சாவுகளைப் பழைய பாக்கியாகச் சேர்த்தது. சென்னைக் கார்ப்பரேஷன் சாவுப் பதிவேட்டையும் வைத்திய இலாகா கணக்கையும் ஒரு கமிட்டி ஒப்பிட்டுப் பார்த்ததில் அகப்பட்டது இது. பத்திரிகைக்காரர்கள் விடாமல் கேட்டிராவிட்டால் அந்த 444 பேரும் காற்றோடு போயிருப்பார்கள். பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வேறொரு வழியில் எண்ணினார்கள். கொரோனாவா, மாரடைப்பா என்ற வம்பே வேண்டாம். சாதாரணமாக ஒரு வருஷத்தில் எத்தனை பேர் சாவார்கள், இப்போது எத்தனை பேர் செத்தார்கள், வித்தியாசம் என்ன என்று பார்த்தார்கள். இந்தப்படி பார்த்ததில், 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை சென்னையில் மட்டும் அதிகப்படியாக மாண்டவர் சுமார் 26,000. அதாவது 1000 பேருக்கு 5 பேர் அதிகம். சர்க்கார் சொன்ன கொரோனாக் கணக்கோ சுமார் 8,000. நாடு முழுதும் பதிவான சாவு 2020ல் 81 லட்சம். 2021ல் 102 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் ஏறியிருக்க, 2021க்குச் சர்க்கார் கொரோனா என்று ஒப்புக்கொண்டது மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022ல், இரண்டு வருஷத்தில் இந்தியாவின் அதிகப்படிச் சாவு 47 லட்சம் என்றது. இந்திய சர்க்கார் அந்த முறையே தப்பு என்று ஆட்சேபித்தது. ஆனால் குஜராத்தில் கொரோனாச் சாவு 10,000 சொச்சம் என்று சொல்லிவிட்டு, செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சுப்ரீம்கோர்ட்டு விஷயத்தை எடுத்தபோது, 60,000க்கு மேற்பட்ட மனுக்களை அதே சர்க்காரே ஒப்புக்கொண்டிருந்தது தெரிந்தது. பேரேட்டில் இல்லாத பிணத்துக்குப் பணம் எப்படி வந்தது?

என் அக்காள் புருஷர் 2021 மே மாதத்தில் ஆறு நாள் காய்ச்சலில் கிடந்து, மூச்சு முட்டி, ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலேயே போய்விட்டார். பரிசோதனை செய்யவில்லை. எழுதிக் கொடுத்த காகிதத்தில் மாரடைப்பு என்று இருக்கிறது. மாரடைக்காமல் செத்தவன் உலகத்தில் யார்? அக்காள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசு ஆபீசாய் அலைந்தும் நிதி கிடைக்கவில்லை. ரேடியோக்காரர் கணக்கில் அவர் வியாதியால் செத்தவரல்லர். அடைப்பினால் செத்தவர் பட்டியலில்கூட அவரைச் சேர்த்துவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மடத்தார் கொரோனா தேவி என்று சிலை செய்து வைத்துப் பூஜை நடத்தினார்கள். அதற்கு முந்தின வருஷம் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள்; பிறகு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். தட்டின சத்தத்திலே கிருமி சாகும் என்று படித்தவன்கள் எழுதிப் பரப்பினார்கள். போகட்டும்.

எனக்குப் பெரிதாய்ப் படுவது வேறு. ஊரடங்கு என்பது மருந்தல்ல. மடையை அடைப்பது மாதிரி. கரை உடைந்துபோனால் மடையை அடைத்துக்கொண்டு கரையைக் கட்டுகிறோம். அடைத்துவிட்டுத் தூங்கினால் மறுபடியும் உடையத்தான் உடையும். 2020 மார்ச்சில் மூடினது முதல் 2021 மார்ச் வரை ஒரு வருஷம் கிடைத்தது. அந்த ஒரு வருஷத்தை வாங்குவதற்கு அந்தக் கம்பெனித் தம்பி எட்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். ஔரங்காபாத்தில் 16 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் கரை கட்டினார்களா?

இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் செங்கற்பட்டை அடுத்துத் திருமணியில் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலை இருக்கிறது. மத்திய சர்க்காருடைய எச்.எல்.எல். பயோடெக் கம்பெனியைச் சேர்ந்தது. 100 ஏக்கர் நிலம். 2012ல் 594 கோடி ரூபாய்க்குத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டுக் கட்டினார்கள். கொரோனா வந்து ஒரு வருஷம் முழுவதும், ஊசிக்கு ஜனங்கள் விடியற்காலை மூன்று மணிக்கே வரிசையில் நின்ற மே மாதத்திலும்கூட, அங்கிருந்து ஒரு புட்டி கொரோனா ஊசி வெளியே வரவில்லை. புது முதலமைச்சர் மே 25ந் தேதி நேரில் வந்து பார்த்து, குத்தகைக்காவது கொடுங்கள், நாங்கள் நடத்திக்கொள்கிறோம் என்று டில்லிக்கு எழுதினார். அந்த அலையில் ஒன்றும் நடக்கவில்லை.

அதே மே மாதம் 4ந் தேதி இரவு, அதே செங்கற்பட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே ராத்திரியில் மாண்டார்கள். பிராணவாயுக் குழாயில் அழுத்தம் குறைந்தது என்றார்கள் உறவினர்கள். வாயுக் குறைவினால் அல்ல என்றார்கள் அதிகாரிகள். பிராணவாயு எவ்வளவு தேவைப்படும் என்று ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்த வியாதி இது. நாலு மணி நேர அவகாசத்தில் ஒரு தேசத்தையே பூட்டத் தெரிந்தவர்களுக்கு, 12 மாத அவகாசத்தில் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் பெரிய தொட்டியாக ஒன்று வைக்கத் தெரியவில்லையா? இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலிருப்பதற்கு, ஊரடங்கு நல்லதா கெட்டதா என்ற சண்டை மிகவும் சௌகரியமாயிருக்கிறது. நல்லது என்கிறவன் சர்க்காரைப் பாராட்டிவிட்டுப் போகிறான். கெட்டது என்கிறவன் வியாதியே பொய் என்று சொல்லிவிட்டுப் போகிறான். திருமணித் தொழிற்சாலையின் பூட்டை இரண்டு பேரும் பார்ப்பதில்லை.

சென்ற வாரம் அந்தக் கம்பெனித் தம்பியை அதே டீக்கடையில் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். டீ ஆறுகிற வரையில் பொறுமையாய்க் கேட்டார். பிறகு, “அண்ணே, அந்த 0.2 பொய்யின்னே வெச்சுக்கோங்க. என் எட்டு மாசச் சம்பளம் எந்தக் கணக்குல வருது?” என்று கேட்டார். நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் அந்தக் கேள்விக்குக் கட்டம் போட்டிருக்கவில்லை. அவர் கேட்டதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் காகிதம் தலைவர் மேஜைமேல் இருக்கிறது. பக்கத்திலேயே வெள்ளைக் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் 2020லும் 2021லும் யாராவது இறந்திருந்தால், என்ன தேதி, காகிதத்தில் என்ன காரணம் எழுதிக் கொடுத்தார்கள், நிதி வந்ததா இல்லையா என்பதைப் பேர் போடாமல் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு என் அண்ணன் மகள் எழுதிக் கொடுப்பாள். நான் சொன்னதில் எங்கேயாவது எண் தப்பாயிருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் படிக்கிறேன்.